திறந்தவெளி நலன்

"தண்ணி குடிங்க" என்றார் டாக்டரம்மா.

கணக்கு டீச்சர் தலையசைத்தார்.

"போன தடவையும் இப்படித்தான் தலையாட்டுனீங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீங்க?"

"காலைல ஆறரைக்கு ஒரு டம்ளர். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல நிறைய."

"நடுவுல?"

"நடுவுல பள்ளிக்கூடம்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தொற்று. மூன்று முறையும் ஒரே காய்ச்சல், ஒரே எரிச்சல், ஒரே மாத்திரை.

"நாலாவது தடவை வந்தா என்கிட்ட வராதீங்க. சிறுநீரகத்துக்குன்னு ஒரு டாக்டர் இருக்கார். அவர்கிட்ட போங்க. அவர் தண்ணி குடிங்கன்னு சொல்லமாட்டார். நேரா படுங்கன்னுதான் சொல்வார்."

கணக்கு டீச்சரின் பள்ளியில் பன்னிரண்டு ஆசிரியர்கள். ஏழு பேர் பெண்கள். ஆசிரியர்களுக்குக் கழிப்பறை கிடையாது. மாணவிகளுக்கு இரண்டு இருந்தன. ஒன்றின் கூரை போன மழையில் விழுந்துவிட்டது. மற்றதற்குக் கதவு இல்லை. இரண்டு மாணவிகள் முதுகைக் காட்டி நின்று கதவாக இருப்பார்கள். தனக்குக் கதவாக நிற்கும்படி எந்த ஆசிரியையும் மாணவியைக் கேட்டதில்லை.

பத்து வருஷம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா கைகொடுத்தார். இடைவேளையில் ஒருவர் பின் ஒருவராகச் சாலையைக் கடந்து போய்வருவார்கள். பதிலுக்கு ஏழு பேரும் அவரிடமே துணி தைத்தார்கள். தோள்பட்டை ஒருநாளும் சரியாக வந்ததில்லை. யாரும் குறை சொன்னதில்லை. போன வருஷம் தையல்காரம்மா மகன் வீட்டோடு போய்விட்டார். புதிதாகக் குடிவந்தவர்கள் நாய் வளர்த்தார்கள்.

அதன்பிறகு ஏழு பேரும் தண்ணீரை நிறுத்தினார்கள்.

தலைமை ஆசிரியருக்குப் பிரச்சினை இல்லை. அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. காலை பதினொன்றுக்கும் மதியம் இரண்டரைக்கும் "பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்புவார். பெட்ரோல் பங்க் ஆறு நிமிடத் தூரம். அந்த வட்டாரத்திலேயே எப்போதும் டேங்க் நிரம்பியிருந்த வண்டி அவருடையதுதான். மற்ற ஆண்களுக்குச் சுற்றுச்சுவர் இருந்தது. ஆசிரியைகளில் யாரிடமும் வண்டி இல்லை. பங்குக்கு நடந்து போய்வர நாற்பது நிமிடம். ஒரு பாடவேளையும் நாற்பது நிமிடம்.

டீச்சரும் அவருடைய தங்கையும் ஒரே வருஷம் ஆசிரியர் தேர்வு எழுதினார்கள். பட்டியலில் டீச்சர் நூற்றுப் பதினேழு. தங்கை நூற்றுப் பதினெட்டு. ஒற்றைப்படை எண்களைப் புறநகருக்கும் இரட்டைப்படை எண்களை நகரத்துக்கும் அனுப்புவது பள்ளித் துறையின் வழக்கம். பாரபட்சம் கூடாது என்பதற்காக ஏற்படுத்திய வழக்கம் அது. தங்கையைவிட அரை மதிப்பெண் அதிகம் வாங்கியதால் டீச்சருக்குப் புறநகர் கிடைத்தது.

இருவரும் குடியிருந்தது ஒரே வீடு, மூன்றாவது மாடி. ஒரே கடையில் காய் வாங்கினார்கள், ஒரே வாடகையைப் பாதிப் பாதி கொடுத்தார்கள். தங்கை எட்டரைக்குக் கிளம்பி நடந்து போவாள். டீச்சர் ஆறு ஐம்பதுக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறுவார். நகரம் ஒரு கால்வாய்ப் பாலத்தின் நடுவில் முடிந்தது. அங்கிருந்து பள்ளி நானூறு மீட்டர். அந்த நானூறு மீட்டருக்காக டீச்சரின் சம்பளம் தங்கையுடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தங்கையின் வகுப்பில் முப்பத்தாறு பிள்ளைகள். டீச்சரின் வகுப்பில் அறுபத்தெட்டு.

தங்கையின் பள்ளியில் ஆசிரியைகளுக்குக் கழிப்பறை இருந்தது. "கைப்பை மாட்டறதுக்கு ஆணிகூட அடிச்சிருக்காங்கக்கா" என்று சேர்ந்த புதிதில் ஒருநாள் சொல்லிவிட்டாள். அதன்பிறகு அவள் அக்காவிடம் பள்ளியைப் பற்றிப் பேசும்போது பாடத்தைப் பற்றி மட்டும் பேசினாள்.

டீச்சர் மனு எழுதினார். ஒரு பக்கம். டாக்டரம்மாவின் சீட்டை இணைத்தார். மற்ற ஆறு ஆசிரியைகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

"நான் வேணா ஒரு படம் வரைஞ்சு தரேன், சேர்த்து அனுப்புங்க" என்றார் ஓவிய டீச்சர். "கழிப்பறைன்னா என்னன்னு துறைக்குத் தெரியலையோ என்னவோ."

தலைமை ஆசிரியர் மனுவை இரண்டு முறை படித்தார்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை டீச்சர். ஆனா இது பெண்கள் விஷயம். சிபாரிசு பண்ற அளவுக்கு எனக்கு இதுல அனுபவம் கிடையாது." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்களே நேர்ல கொண்டுபோய்க் கொடுத்துடுங்க. நான் பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்."

டீச்சர் அரைநாள் விடுப்பு எடுத்துத் துறை அலுவலகத்துக்குப் போனார். அங்கே பிரிவு எழுத்தர் மரியாதையானவர். நாற்காலி கொடுத்தார். மனுவை முழுக்கப் படித்தார். மேசையின் கீழறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"கடந்த மூணு வருஷப் பயன்பாடு எவ்வளவு டீச்சர்?"

"எதோட பயன்பாடு?"

"கழிப்பறையோட."

"கழிப்பறையே இல்லையே சார்."

"அப்ப பயன்பாடு இல்லைன்னு போட்டுக்கறேன்." போட்டுக்கொண்டார். "பயன்பாடு இல்லைன்னா, தேவை இல்லைன்னு அடுத்த கட்டத்துல தானா வந்துடும். நான் எழுத வேண்டியதே இல்லை. அச்சடிச்சே இருக்கு பாருங்க."

டீச்சர் பார்த்தார். அச்சடித்தே இருந்தது.

"பக்கத்துல நானூறு மீட்டர் தள்ளி எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இருக்கு சார்."

"அது நகரம்மா. அங்க நெரிசல். நெரிசலுக்கு அவங்களுக்குப் படி, வசதி எல்லாம் உண்டு. உங்களுக்குத்தான் திறந்தவெளி நலன் கொடுக்கறோமே."

"அப்படின்னா?"

எழுத்தர் டீச்சரின் சம்பளச் சீட்டு நகலை எடுத்து, கீழிருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார். 'திறந்தவெளி நலன்: பொருளாக வழங்கப்பட்டது.' பதினோரு வருஷமாக அந்த வரி அங்கே இருந்தது. டீச்சர் அதைப் பிடித்தம் என்று நினைத்திருந்தார்.

"அங்க காத்து வருதில்லையா?"

"வருது."

"மரம்?"

"ரெண்டு இருக்கு."

"அதான். பெற்றுக்கொண்டேன்னு மாசாமாசம் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நகரத்து டீச்சருங்களுக்கு இது கிடையாது. அவங்க ஒருநாளாவது வந்து கேட்டிருக்காங்களா, எங்களுக்கு ஏன் காத்து இல்லைன்னு?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை ஆகியிருந்தது.

"சார், இங்க லேடீஸ் டாய்லெட்…"

"ரெண்டாவது மாடி. தாராளமா போங்க." ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். அது தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு முழம் நீளப் பலகையில் கட்டியிருந்தது. பதிவேட்டையும் நீட்டினார். "பேரு, பள்ளிக்கூடம், நேரம். கையெழுத்து போட்டுட்டுப் போங்க. ஒரு சம்பிரதாயம்தான்."

டீச்சர் கையெழுத்துப் போட்டார். பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். உள்ளே விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. வெளியே வந்தபோது அவருக்குத் துறையின் மேல் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. தேவை நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் துறை கருணையோடு ஒரு வாய்ப்பு அளிக்கிறது. ஏழு ஆசிரியைகளும் முப்பது வேலைநாள் 'தேவைப் பதிவேடு' பராமரிக்க வேண்டும். தேவை எழுந்த நேரம், தேவையின் தன்மை, தேவை அடங்கிய நேரம், மாற்று ஏற்பாடு, குறிப்பு. தினமும் தலைமை ஆசிரியர் சரிபார்த்து ஒப்பமிட வேண்டும்.

"சரிபார்த்தா?" என்றார் ஓவிய டீச்சர். "எப்படிப் பார்ப்பாராம்?"

தலைமை ஆசிரியர் முப்பது நாளும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டார். அதனால் சில ஒப்பங்கள் கட்டத்துக்கு வெளியே விழுந்தன. அதற்குத் தனியாக விளக்கம் கேட்டு எழுதினார்கள். பதிவேட்டில் வரலாற்று டீச்சர் தேதியைத் தவிர எல்லாவற்றையும் விரிவாக எழுதினார். ஓவிய டீச்சர் 'தேவை அடங்கிய நேரம்' என்ற இடத்தில் 'அடக்கப்பட்டது' என்று எழுதினார். கணக்கு டீச்சர் சராசரி எடுத்தார். ஒரு ஆசிரியை ஒருநாளில் பத்தரை மணி நேரம். ஏழு பேர், முப்பது நாள், இரண்டாயிரத்து இருநூற்று ஐந்து மணி நேரம். அடியில் கோடு போட்டு அனுப்பினார்.

இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம், காலை பதினொன்று இருபதுக்கும் பன்னிரண்டு ஐந்துக்கும் இடையே, அதாவது பாட நேரத்தில், சொந்தத் தேவை குறித்துச் சிந்தித்ததாக ஆசிரியைகளே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதற்கு விளக்கம் கேட்டது. இரண்டாவது, முப்பது நாளும் ஏழு பேரும் மாலைவரை பணியில் இருந்திருப்பதால் தேவை சமாளிக்கத்தக்கது என்று தெரிவித்தது. இருப்பினும் நகர, புறநகர் வேறுபாட்டை ஆராய ஒரு சமநிலைக் குழு நேரில் வரும்.

குழு இரண்டு காரில் வந்தது. ஐந்து பேர். ஐந்து பேரும் ஆண்கள். தலைவர் பெரிய அதிகாரி. கையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். பேசும்போது வாக்கியத்துக்கு ஒரு மடக்கு குடித்தார். பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து, ஆசிரியர்களை ஓரமாக நிற்க வைத்துப் பேசினார்.

"நகரம், புறநகர்னு பிரிச்சுப் பேசறதே எனக்குப் பிடிக்காது. என் பார்வையில எல்லா டீச்சரும் ஒண்ணுதான். யாரையும் எனக்குத் தெரியாது." குடித்தார். "எங்க சர்வீஸ்ல நாங்க படாத கஷ்டமா? போன வருஷம் எங்க ஆபீஸ்ல மூணு நாள் ஏசி வேலை செய்யல. ஒருத்தர் மனு போடல. வீட்டுக்குத்தான் போனோம்." குடித்தார். "தியாகம்னு ஒண்ணு இருக்கு. டீச்சர் வேலைன்னா தியாகம். நாங்கள்லாம் தியாகம் பண்ண முடியாத பொறுப்புல இருக்கோம். அந்த வாய்ப்பு உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைவர் பாட்டிலை முடித்தார். பிறகு தலைமை ஆசிரியரிடம் குனிந்து ஏதோ கேட்டார். தலைமை ஆசிரியர் அவர் காதில் ஏதோ சொன்னார்.

"இல்லவே இல்லையா?" என்றார் தலைவர் சத்தமாக. "அதைத்தான் சார் மனுவுல…" என்று டீச்சர் ஆரம்பித்தார். தலைவர் அதற்குள் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நடை என்று சொல்ல முடியாது. தலைமை ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழி காட்டினார். அவருக்கு அந்த வழி நன்றாகத் தெரியும்.

இரண்டாவது கார் காலியாக நின்றது. டிரைவர் ஓவிய டீச்சரைப் பார்த்தார்.

"நீங்களும் வரீங்களாம்மா? சும்மாதான் நிக்கிறேன்."

ஏழு பேர் ஏறினார்கள். வரலாற்று டீச்சர் கணக்கு டீச்சரின் மடியில் உட்கார்ந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் ஏழு பேரும் சேர்ந்து "மெதுவா, மெதுவா" என்றார்கள். கார் நிற்பதற்கு முன்பே இரண்டு கதவு திறந்தது. பங்கில் ஒரே ஒரு கழிப்பறை. உள்ளே தலைவர் இருந்தார். வெளியே ஏழு ஆசிரியைகள் வரிசையில் நின்றார்கள். தலைவர் கதவைத் திறந்து வெளியே வந்தபோது ஓவிய டீச்சர், "வணக்கம் சார்" என்றார்.

குழுவின் அறிக்கை நாற்பத்தாறு பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில், பள்ளியிலிருந்து ஆறு நிமிடத்தில் தரமான வசதி உள்ளதைத் தலைவர் நேரில் பயன்படுத்தி உறுதிசெய்தார் என்று இருந்தது. பதிமூன்றாம் பக்கத்தில், குழுவின் வருகையின்போதே ஏழு ஆசிரியைகளின் தேவையும் முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்று இருந்தது. பதினான்காம் பக்கத்தில், புறநகர் ஆசிரியைகள் துறை அலுவலகக் கழிப்பறையையும் பயன்படுத்தி வருவதற்குச் சான்றாகக் கணக்கு டீச்சரின் கையெழுத்தின் நகல் இருந்தது. அறுபத்தெட்டு பிள்ளைகளை மரத்தடியில் விட்டுவிட்டு டீச்சர் வெளியே போனதற்கான எச்சரிக்கைக் கடிதம் தனி உறையில் வந்தது.

அந்த வாரம் நாலாவது தொற்று வந்தது. டீச்சர் சிறுநீரக டாக்டரிடம் போனார். டாக்டரம்மா சொன்னது சரிதான். அவர் படுங்க என்றார். ஒன்பது நாள் படுக்க வைத்தார். தங்கை விடுப்பு எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"ஒரு சிறுநீரகம் பாதி வேலைதான் செய்யுதாம்" என்றார் டீச்சர்.

"மனுவை விட்டுடுக்கா. எனக்கு வர்ற சம்பளத்துல சமாளிச்சுக்கலாம். நீ வேலையை விடு."

"அறுபத்தெட்டு பேருக்கும் இன்னும் பின்னமே வரலடி."

பத்தாம் நாள் காலையில் தங்கைக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்தவள் கட்டிலருகே நின்றாள்.

"அக்கா, நீ என்ன பண்ணி வச்சிருக்க?"

துறை ஆணை வெளியிட்டிருந்தது. நகர ஆசிரியர்களுக்கும் புறநகர் ஆசிரியர்களுக்கும் இடையே நிலவும் வேறுபாடு துறையின் மனச்சாட்சியை உறுத்தியது. வரும் முதல் தேதியிலிருந்து அது நீக்கப்படுகிறது. வேறுபாட்டை நீக்க இரண்டு வழிகள் பரிசீலிக்கப்பட்டன. இருநூற்றுப் பதினான்கு புறநகர்ப் பள்ளிகளில் கழிப்பறை கட்டுவது முதல் வழி. அறுபத்தோரு நகரப் பள்ளிகளில் பூட்டுவது இரண்டாவது. முதல் வழிக்குச் செங்கல் வேண்டும். இரண்டாவதற்கு அறுபத்தோரு பூட்டு போதும். பூட்டு கையிருப்பில் இருந்தது.

சம்பளத்தையும் துறை மறக்கவில்லை. நகர ஆசிரியர்களின் நெரிசல் படி இனி 'நெரிசல் நலன்' என்ற பெயரில் பொருளாக வழங்கப்படும். நெரிசல் தொடர்ந்து கிடைத்துவருவதை அவர்கள் மாதந்தோறும் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும்.

முதல் தேதியன்று துறையின் அரங்கில் விழா நடந்தது. சமத்துவத்துக்கு வித்திட்ட ஆசிரியை என்று கணக்கு டீச்சரை மேடைக்கு அழைத்தார்கள். நடக்கச் சிரமமாக இருந்தாலும் போனார். போகாவிட்டால் விளக்கம் கேட்பார்கள்.

"ஒரு சாதாரண டீச்சர்" என்றார் தலைவர் மைக்கில். "பத்து வருஷமா யாருமே கவனிக்காத ஒரு அநியாயத்தை நம்ம கவனத்துக்குக் கொண்டுவந்தாங்க. நகரத்துல ஒரு பகுதி டீச்சருங்க மட்டும் வசதியா இருந்திருக்காங்க! நமக்கே தெரியாம!"

சான்றிதழும் பரிசும் கொடுத்தார்கள். பரிசு, துறையின் முத்திரை பொறித்த ஒரு லிட்டர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். டாக்டர் சீட்டை யாரோ படித்திருக்கிறார்கள். வரிசையில் நின்று கைகுலுக்கியவர்களில் பிரிவு எழுத்தரும் இருந்தார். "பார்த்தீங்களா டீச்சர், மனு வீண்போகல" என்றார். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

அரங்கிலும் பலகையில் கட்டிய சாவி இருந்தது. டீச்சர் கேட்கவில்லை. இன்னொரு கையெழுத்துப் போட அவருக்குத் துணிவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஐந்து இருபது. வீட்டுச் சாவியை நிறுத்தம் வருவதற்கு முன்பே கையில் எடுத்துவைத்துக்கொள்வது டீச்சரின் பழக்கம். பூட்டுக்குள் எந்தப் பக்கம் திருகினால் சீக்கிரம் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். மாடிப்படியில் குதிக்காமல், நிற்காமல், ஒரே சீராக ஏற வேண்டும் என்பதும் தெரியும்.

மூன்றாவது மாடியில் தங்கை கதவுக்கு முன்னால் நின்று கைப்பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சீப்பு, பேனா, விடைத்தாள் கட்டு எல்லாம் தரையில் கிடந்தன. சாவி மட்டும் வரவில்லை. நகரப் பள்ளிகளில் அன்று ஆணையை விளக்கும் கூட்டம் ஐந்து மணி வரை நடந்திருந்தது. வழக்கம்போல அவள் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தாள்.

பத்து நாளாக அவள் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. இப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள்.

"பூட்டுனதோட விடலக்கா" என்றாள் கதவைப் பார்த்தபடி. "அந்த ஆணியைக்கூடப் பிடுங்கி எடுத்துட்டுப் போயிட்டாங்க. கணக்குல காட்டணுமாம்."

டீச்சர் அவளை ஒதுக்கிவிட்டுச் சாவியை நுழைத்து இடப்பக்கம் திருகினார். கதவு திறந்தது. அந்த வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். வாசற்படியில் இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டீச்சர் வழிவிட்டு, சுவரில் சாய்ந்து, பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"போடி" என்றார். "நீ புதுசு."